உப்பில் இருக்கும் வெள்ளைப் பொடி



உப்புப் பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று என்றைக்காவது படித்துப் பார்த்திருக்கிறீர்களா? சில உப்பில் 504 என்று ஓர் எண் இருக்கும். சிலவற்றில் 535, 536, 551 என்று வேறு எண்கள் இருக்கும். இந்த எண்களைப் பற்றி லயத்திலே பலவிதமாகப் பேச்சு அடிபடுகிறது. "டிரசர் ஐயா, உப்பிலே சுண்ணாம்பு கலக்கிறாங்களாமே, நெசமா?" என்று மருந்து வாங்க வருகிற பெரியவர்கள் கேட்கிறார்கள். "செம்பனைக்குப் போடற உரத்தைத்தான் உப்பிலேயும் போடறாங்களாம்" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, நிறையப் பயமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

504 என்பது மெக்னீசியம் கார்பனேட். வெள்ளை வெளேரென்று, பஞ்சு மாதிரி இலேசான பொடி. வாசனை கிடையாது. தண்ணீரில் போட்டால் கரைவதே இல்லை என்று சொல்லலாம். ஆனால் புளிப்பான எதில் பட்டாலும் நுரைத்துக்கொண்டு கரையும். இந்த இரண்டு குணத்தையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உப்பில் அதைச் சேர்ப்பதும், வயிற்றெரிச்சல் மருந்தில் அதைச் சேர்ப்பதும் இந்தக் குணங்களை வைத்துத்தான்.

உப்பு ஏன் கசிகிறது?

மழைக் காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடியைப் பாருங்கள். உப்பு ஈரமாகி, பாறை மாதிரிக் கட்டிப் போயிருக்கும். கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சுத்தமான உப்பு இவ்வளவு சீக்கிரம் கசியாது. கடல் உப்பில் ஒட்டிக்கொண்டு வருகிற மெக்னீசியம் குளோரைடு என்ற இன்னொரு உப்புதான் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிறது. நம் பேராக்கின் காற்றிலே ஈரத்துக்கா பஞ்சம்? அந்த ஈரத்தில் உப்பு மணியின் மேல்பக்கம் கரைகிறது. வெயில் வந்ததும் காய்கிறது. காயும்போது ஒரு மணி இன்னொரு மணியோடு ஒட்டிக்கொள்கிறது. இப்படித்தான் கட்டி விழுகிறது.

நம் பாட்டிமார் உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டு வைத்தார்கள். அரிசி கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். அந்த வேலையையே மெக்னீசியம் கார்பனேட் இன்னும் நன்றாகச் செய்கிறது. உப்பு மணி ஒவ்வொன்றின் மேலும் பவுடர் பூசியது மாதிரி ஒட்டிக்கொள்கிறது. ஈரத்தைத் தான் வாங்கிக்கொண்டு, மணிக்கும் மணிக்கும் நடுவே நின்று, ஒட்ட விடாமல் தடுக்கிறது.

இது நேற்று இன்று வந்த பழக்கமல்ல. அமெரிக்காவில் சிக்காகோ நகரத்து மார்ட்டன் உப்புக் கம்பெனி 1911-ஆம் ஆண்டிலேயே இந்தப் பொடியைச் சேர்க்கத் தொடங்கி, பின்னர் மழை நாளிலும் தடையில்லாமல் கொட்டும் உப்பு என்று விளம்பரம் செய்தது. பின்னாளில் அந்தக் கம்பெனி கால்சியம் சிலிக்கேட்டுக்கு மாறிவிட்டது. வேறு பல கம்பெனிகள் 535, 536 என்ற எண்ணுள்ள பொருள்களுக்கு மாறின. மெக்னீசியம் கார்பனேட் தண்ணீரில் கரையாததால், அது கலந்த உப்பைக் கரைத்தால் தண்ணீர் கொஞ்சம் கலங்கித் தெரியும். வாங்குகிறவர்களுக்கு அது பிடிப்பதில்லை. மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே ஒரு கிளாஸ் தண்ணீரில் உப்பைக் கரைத்து, இலேசாகப் பால் நிறம் தெரிந்தால் உடனே கலப்படம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் பாக்கெட்டில் எண்ணைப் பாருங்கள். ஆனால் அடியிலே கனமாக வண்டல் தங்கினாலும், மண் தெரிந்தாலும், அந்த உப்பைச் சமைக்க வேண்டாம். பாக்கெட்டையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு மாவட்டச் சுகாதார இலாகாவில் புகார் கொடுங்கள். நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டமும், 1985-ஆம் ஆண்டு உணவு விதிகளும் இருக்கின்றன. எந்த உணவில் எந்தப் பொருளைச் சேர்க்கலாம் என்று அவற்றில்தான் வகுத்திருக்கிறது. தோட்டத்துக்காரன் கேட்டாலும் பட்டணத்துக்காரன் கேட்டாலும் சட்டம் ஒன்றுதான்.

உரமும் இதுவும் ஒன்றா?

ஈப்போவைச் சுற்றி நிற்கிற சுண்ணாம்பு மலைகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கிந்தா பள்ளத்தாக்கின் இந்தக் கல்லிலே சில இடத்தில் கால்சியம் கார்பனேட்டோடு மெக்னீசியம் கார்பனேட்டும் சேர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட கல்லுக்கு டோலமைட் என்று பெயர். அதை அரைத்த மாவுதான் தோட்டத்தில் ஜி.எம்.எல். என்று மூட்டையில் வருவது. புளித்துப்போன மண்ணைச் சரிப்படுத்தவும், செம்பனைக்கு மெக்னீசியம் கொடுக்கவும் அதைப் போடுகிறோம். மெக்னீசியம் குறைந்தால் செம்பனையின் கீழ் மட்டைகள் ஆரஞ்சு நிறமாகப் பழுத்துப் போகும். உரம் போடுகிற நம் பெண்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம்மில் பலருடைய தாத்தா பாட்டி சேலம் ஜில்லாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அந்தச் சேலத்துக்குப் பக்கத்திலே வெள்ளைக்கல் வெட்டுகிற மலை ஒன்று இருக்கிறது. அந்த வெள்ளைக்கல்தான் மேக்னசைட், அதாவது பூமிக்குள்ளேயே விளைந்த மெக்னீசியம் கார்பனேட். அங்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. அந்தக் கல்லை வெட்டிச் சுட்டு, இரும்பு உருக்கும் உலைக்குச் செங்கல் செய்கிறார்கள்.

ரப்பர் தொழிலிலும் இதே பொடிக்கு வேலை உண்டு. வெள்ளையாகவும் கண்ணாடி மாதிரியாகவும் இருக்கவேண்டிய ரப்பர் சாமான்களில் இதைக் கலப்பார்கள். நாம் வெட்டிக் கொடுத்த பால் எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் இந்தப் பொடியோடு சேர்ந்திருக்கும்!

அப்படியானால் உரமும் உப்பில் போடுவதும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். பொருள் ஒரே குடும்பம்தான். சுத்தம் வேறு. மலைக்கல்லில் மண் இருக்கும், ஈயம் முதலிய விஷ உலோகங்களும் இருக்கலாம். சாப்பாட்டுக்குரியதைத் தனியாகச் சுத்தம் செய்து, ஈயம் எவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று அளவு பார்த்துத்தான் விற்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரும் தண்ணீர்தான், சாக்கடைத் தண்ணீரும் தண்ணீர்தான், குடிப்பதற்கு இரண்டும் ஒன்றாகுமா? ஆகவே ஸ்டோரிலிருந்து ஒரு பிடி ஜி.எம்.எல். கொண்டுவந்து பல் தேய்ப்பது, கோழித் தீவனத்தில் கலப்பது, வயிற்றெரிச்சலுக்கு வாயில் போடுவது போன்ற வேலைகள் கூடவே கூடாது. அந்த மூட்டையை அவிழ்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். தூசி நெஞ்சுக்கு ஆகாது.

இன்னும் எதில் எல்லாம் இருக்கிறது?

உப்பில் மட்டுமல்ல. ஈரத்தில் கட்டிதட்டக்கூடிய பல பொடிகளில் இதைச் சேர்க்கிறார்கள். கேக் மேலே தூவுகிற மாவுச் சீனி, கலக்கிக் குடிக்கிற பானத் தூள் போன்றவற்றின் பாக்கெட்டில் 504 இருக்கக்கூடும். கொக்கோவிலும் இதற்கு வேலை உண்டு. பாகான் டத்தோ பக்கம் தென்னைக்கு நடுவே கொக்கோ நட்டிருந்த காலத்தில் அங்கே வேலை செய்தவர்களுக்குக் கொக்கோ விதையின் புளிப்பும் கசப்பும் தெரிந்திருக்கும். அந்தப் புளிப்பைக் குறைத்து, நிறத்தைக் கறுப்பாக்க, தொழிற்சாலையில் காரப் பொருள் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்க்க அனுமதித்த பொருள்களில் மெக்னீசியம் கார்பனேட்டும் ஒன்று.

மூன்றாவது உபயோகம் பச்சை நிறத்தைக் காப்பது. இலைக்குப் பச்சை நிறம் தருகிற பொருளின் நடுவிலே இருப்பதே மெக்னீசியம்தான். கீரையையோ பட்டாணியையோ வேகவைக்கும்போது அதிலிருந்து புளிப்பு வெளியே வருகிறது. அந்தப் புளிப்பு இலையிலுள்ள மெக்னீசியத்தைப் பிடுங்கிவிடும். உடனே பச்சை போய்ப் பழுப்பு வந்துவிடும். டின்னில் அடைக்கிற காய்கறியில் புளிப்பை அடக்கி நிறத்தைக் காக்க இந்தப் பொடி உதவுகிறது. "கீரைச் சட்டியை மூடி வேகவைக்காதே" என்று அம்மா சொன்னதற்கும் காரணம் இதுதான். மூடாமல் வைத்தால் புளிப்பு ஆவியோடு வெளியே போய்விடும். வீட்டுக் கீரைக்கு மூடியைத் திறந்து வைத்தாலே போதும். பொடியும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். சோடா போட்டால் கீரையிலுள்ள வைட்டமினில் ஒரு பகுதி கெட்டுப்போகும்.

உடம்புக்குக் கெடுதலா?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். மெக்னீசியம் நம் உடம்புக்கு அந்நியப் பொருள் அல்ல. வளர்ந்த ஒருவருடைய உடம்பில் ஏறத்தாழ 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. நரம்பும் தசையும் இதயமும் ஒழுங்காக வேலை செய்ய இது வேண்டும். ஒரு நாளைக்கு ஆண்களுக்குச் சுமார் 400 மில்லிகிராமும், பெண்களுக்குச் சுமார் 310 மில்லிகிராமும் தேவை. கீரை, பருப்பு, கச்சான், வாழைப்பழம், தீட்டாத அரிசி இவற்றிலிருந்தே இது கிடைத்துவிடும்.

உப்பிலிருந்து எவ்வளவு வருகிறது என்று கணக்குப் பார்ப்போம். உலக நாடுகளுக்குப் பொதுவாக 1985-இல் வகுத்த உணவு உப்புத் தரத்திலே, கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொடி ஒரு கிலோ உப்புக்கு 20 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்று வைத்தார்கள். அந்த அளவு முழுவதும் இருந்தாலும், 5 கிராம் உப்பில் 100 மில்லிகிராம் பொடி. இந்தப் பொடியில் எடைக்குக் கால் பங்குதான் மெக்னீசியம். ஆக 25 மில்லிகிராம். நாள் தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, இந்தப் பொருளுக்குத் தினசரி உச்ச அளவு என்று ஒரு கட்டு வைக்கவே அவசியமில்லை என்று சொல்லிவிட்டது.

பாருங்கள், அந்த 5 கிராம் உப்பில் நாம் பயப்பட வேண்டியது பொடியைப் பார்த்து அல்ல, உப்பைப் பார்த்துத்தான்! ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சாப்பிடச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2017–2018-இல் நம் நாட்டில் எடுத்த ஆய்வில் மலேசியர் ஒருவர் சராசரியாக 7.9 கிராம் சாப்பிடுவதாகத் தெரிந்தது. கருவாடு, ஊறுகாய், சாஸ், மீ பாக்கெட் எல்லாம் அதில் சேர்த்தி. 504-ஐப் பார்த்துப் பயந்து பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, கருவாட்டுக் குழம்போடு ஊறுகாயும் வைத்துச் சாப்பிட்டால் இரத்தக் கொதிப்பு எப்படிக் குறையும்?

வெள்ளை மருந்து விஷயத்தில் ஜாக்கிரதை

பயம் வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வயிறு எரிந்தால், நெஞ்சு கரித்தால், கிளினிக்கில் ஒரு வெள்ளைத் தண்ணி மருந்து கொடுப்போம் அல்லவா? எம்.எம்.டி. என்று பாட்டிலில் எழுதியிருக்கும், பெப்பர்மின்ட் வாசனை வரும். பழைய பிரிட்டிஷ் மருந்துக் குறிப்புப்படி அதில் 10 மில்லி அளவுக்கு மெக்னீசியம் டிரைசிலிகேட் 500 மில்லிகிராம், மெக்னீசியம் கார்பனேட் 500 மில்லிகிராம், சோடா உப்பு 500 மில்லிகிராம் இருக்கும். உப்பிலே இருக்கிற அதே வெள்ளைப் பொடி இங்கே மருந்தாக வருகிறது. வயிற்றிலுள்ள ஆசிட்டோடு சேர்ந்து நுரைத்து, ஆசிட்டை அடக்குகிறது. அப்போது கிளம்புகிற காற்றுதான் பெரிய ஏப்பமாக வருகிறது. 1754-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜோசப் பிளாக் என்பவர் வயிற்றுப் புளிப்பையும் இந்த வெள்ளைப் பொடியையும் ஆராய்ந்துதான் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்த ஆராய்ச்சியின் வழியாகத்தான் கரியமில வாயுவைப் பற்றியும் உலகத்துக்குத் தெரிய வந்தது. நல்ல மருந்துதான், பழைய மருந்துதான். ஆனால் அளவைப் பாருங்கள். ஐந்து நாள் உப்பில் அதிகபட்சம் வரக்கூடிய பொடி, இந்த மருந்தின் ஒரே வேளையில் உள்ளே போகிறது.

நல்ல சிறுநீரகம் இருப்பவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அதிகப்படியான மெக்னீசியம் சிறுநீரில் போய்விடும். கொஞ்சம் வயிறு இளகும், அவ்வளவுதான். ஆனால் சிறுநீரகம் கெட்டவருக்கு வெளியே போக வழி இல்லை. இரத்தத்திலேயே தங்கித் தங்கி ஏறும். முதலில் குமட்டல், அசதி, தூக்கக் கலக்கம். பிறகு கை கால் பலமில்லாமல் போகும், இரத்த அழுத்தம் இறங்கும். மிஞ்சினால் மூச்சும் இதயமும் தடுமாறும். "வயசாயிடுச்சு, அதான் எந்நேரமும் படுத்தே கெடக்காரு" என்று வீட்டிலே நினைத்துக்கொள்வார்கள். காரணம் பக்கத்தில் இருக்கிற பாட்டிலாகவும் இருக்கலாம்.

இது எங்கேயோ நடக்கிற விஷயம் என்று எண்ண வேண்டாம். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், நம் இந்திய வம்சாவளிப் பெரியவர்களில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. நாட்டில் புதிதாக டயாலிசிசுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்பு நீரால் சிறுநீரகம் கெட்டவர்கள். பால்மரம் வெட்டி ஓய்ந்து, தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோன நம் தாய் தகப்பன்மார்தான் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். சிறுநீரகம் பாதி கெடும் வரை வலியே தெரியாது. ஆகவே இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் இதைச் செய்கிறார்கள்.

மருந்தில் இருக்கிற சோடா உப்பையும் மறக்கக்கூடாது. ஒரு நாளைக்கு நாலு வேளை குடித்தால், அதிலிருந்து மட்டும் கால் டீஸ்பூன் உப்புக்குச் சமமான சோடியம் உள்ளே போகிறது. இதய வீக்கம், கால் வீக்கம், கொதிப்பு உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

இன்னும் ஒன்று. இந்த மருந்து மற்ற மருந்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தச் சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிற தாய்மார்கள், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டெட்ராசைக்கிளின் போன்ற கிருமி மருந்து சாப்பிடுகிறவர்கள் வெள்ளை மருந்தையும் சேர்த்துக் குடித்தால், அந்த மாத்திரைகள் உடம்பில் சரியாகச் சேராது. இரும்புச் சத்துக்கும் கிருமி மருந்துக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, நெஞ்சில் பாரம் வைத்தது போல வலி, இடது கையிலோ தாடையிலோ இழுப்பு, குளிர்ந்த வேர்வை, மூச்சு முட்டல் இருந்தால் "காத்து அடைச்சிருக்கு" என்று வெள்ளை மருந்தைக் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 999-க்குக் கூப்பிடுங்கள். ஏப்பம் விட்டதும் கொஞ்சம் நல்லா இருக்கிற மாதிரி தோன்றும், அதை நம்பி நேரத்தைக் கடத்த வேண்டாம். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலும், இரத்த வாந்தி எடுத்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதுகு வலிக்கும் முட்டி வலிக்கும் கடையில் வாங்கிப் போடுகிற மாத்திரையே வயிற்றில் புண் வரக் காரணமாக இருக்கும். வலி மாத்திரையால் வந்த எரிச்சலுக்கு வெள்ளை மருந்து, எரிச்சல் அடங்கியதும் மறுபடி வலி மாத்திரை என்று சுற்றிக்கொண்டிருந்தால், வயிறும் கெடும், சிறுநீரகமும் கெடும்.

என்ன செய்யலாம்?

உப்பு வாங்கும்போது எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அயோடின் சேர்த்த உப்பா என்று பாருங்கள். 2020-ஆம் ஆண்டு முதல் தீபகற்பத்திலும் வீட்டு உப்பில் அயோடின் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. கழுத்துக் கழலை வராமல் தடுக்கவும், வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை வளரவும் அயோடின் வேண்டும். உப்பைத் தண்ணீரில் அலசிப் போடுகிற பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள், அயோடினும் சேர்ந்து போய்விடும். மூடி இறுக்கமான டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.

சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்கிறார்கள். அதில் பாதிக்குப் பாதி பொட்டாசியம் உப்பாக இருக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

வெள்ளை மருந்தை இரண்டு வாரத்துக்கு மேல் தானாகக் குடிக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த பாட்டிலை வாங்கிக் குடிக்க வேண்டாம். சிறுநீரகம் கெட்டவர், டயாலிசிஸ் போகிறவர் யாராக இருந்தாலும், வயிற்று மருந்தோ பேதி மருந்தோ வாங்கும்போது, "எனக்குக் கிட்னி கோளாறு இருக்குது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்காமல் கொடுத்தால், அதில் மெக்னீசியம் இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இன்று இரவே வீட்டில் இருக்கிற மருந்துப் பாட்டில்களை எடுத்து ஒரு முறை பாருங்கள். உங்கள் அம்மா அப்பா எதை, எத்தனை நாளாக, எத்தனை வேளை குடிக்கிறார்கள் என்று உட்கார்ந்து விசாரியுங்கள். எழுத்துத் தெரிந்த பிள்ளைகள் அவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது எல்லாப் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

உழைக்கிறவனுக்கு உடம்புதான் முதல். சந்தேகம் இருந்தால் உங்கள் கிளைச் சங்கத்தின் மூலமாக எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.